வைஜயந்தி டீச்சர் மலாவியில் இருக்கிறார்

வைஜயந்தி டீச்சரை மலாவி நாட்டுக்கு வழியனுப்பி வைத்த முதல் விழாவில் அவர் தேம்பி அழுதார். இரண்டாவது விழாவில் லேசாகக் கண் கலங்கினார். மூன்றாவது விழாவில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காபி எப்போது வரும் என்று விசாரித்தார். அதற்கப்புறம் நடந்த விழாக்களில் அவர் அழுதாரா சிரித்தாரா என்று யாருக்கும் தெரியாது. வழியனுப்பு விழாவில் போகிறவரைக் கவனிக்கும் வழக்கம் அகில உலக நேசக்கரம் சங்கத்தின் திருச்சி மாநகரக் கிளையில் கிடையாது.

சங்கம் சாமான்யமான சங்கம் இல்லை. கே.கே. நகரில் சொந்தக் கட்டடம், அந்தக் கட்டடத்தைவிடப் பெரிய பெயர்ப் பலகை. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘நேசர்’ என்று அழைத்துக்கொள்வார்கள். பிளைவுட் கடை வைத்திருக்கும் ஜெய்சங்கர் அங்கே நேசர் ஜெய்சங்கர், தலைவர். அவருக்கு முன்னால் இருந்தவர் உடனடி முன்னாள் தலைவர். அவருக்கும் முன்னால் இருந்தவர் வெறும் முன்னாள் தலைவர். அந்த வருத்தம் அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பதவியே இல்லாத உறுப்பினர் ஒரே ஒருத்தர் இருந்தார். அவரைப் பார்க்க மற்றவர்களுக்குச் சங்கடமாக இருந்ததால் ‘பதவியில்லா உறுப்பினர் நலத் தலைவர்’ என்று அவரையும் போட்டுவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு கவர்னர். அரசாங்க கவர்னர் இல்லை, சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு கவர்னர். பெயர் சேதுராமன். அவர் வந்தால் எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டால், மறுபடி அவர் எழுந்திருக்கும்வரை மைக் பிடிக்கிறவரைத் தவிர ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.

இப்பேர்ப்பட்ட இடத்தில் வைஜயந்தி போய் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு தப்பால். அவர் கையைத் தூக்கிவிட்டார்.

திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்து மே மாதம் ஓய்வு பெற்றவர் அவர். ஆசிரியர் தினத்தன்று சங்கத்தில் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்த மேடையில் ஜெய்சங்கர், “கடல் கடந்த கல்விக் கரம் என்ற நம் திட்டத்தின் கீழ், ஆப்பிரிக்காவின் ஏழைப் பள்ளிகளில் இலவசமாகப் பாடம் நடத்த ஆசிரியர்கள் முன்வர வேண்டும் என்று இரு கரம் கூப்பி அழைக்கிறேன்” என்றார். வருஷா வருஷம் எல்லாத் தலைவர்களும் படிக்கிற வாக்கியம் அது. படித்தவுடன் கைதட்ட வேண்டும். வைஜயந்தி கைதட்டாமல் கையைத் தூக்கினார்.

“நான் போறேன் சார்.”

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. திட்டம் இருப்பது சங்கத்துக்குப் பெருமை. அதற்காக அதில் ஆள் போவார்கள் என்று யார் நினைத்தது? செயலாளர் அருள்ராஜ் தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “பலத்த கரவொலி எழுப்புங்க” என்றார். எழுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் லக்ஷ்மிகாந்த் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், “திருப்பதியைத் தாண்டி நீ எங்கே போயிருக்கே?” என்று கேட்டார்.

“அதனாலதான் போறேன்” என்றார் வைஜயந்தி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கை பரபரக்கும் அவஸ்தை அவருக்குத்தான் தெரியும். போர்டு இல்லாமல், எதிரே பிள்ளைகள் இல்லாமல், சமையலறையில் நின்றுகொண்டு கடுகு வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கா இத்தனை வருஷம் படித்தோம் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சங்கத்தின் தலைமையகம் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டியது. மலாவியில் ஒரு குக்கிராமம். தலைமையாசிரியை திருமதி சிசாலே போனில் வந்தார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். “எங்கள் கணக்கு வாத்தியார் நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்” என்றார் சிசாலே. “கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் கடைசியில் அரசுப் பரீட்சை. முக்கோணவியலில் ஒரு பக்கம்கூட நடத்தவில்லை. கணக்கில் தவறிவிட்டால் என் பிள்ளைகள் தோட்டத்துக் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். நீங்கள் எப்போது வருவீர்கள்?”

“ஜனவரியில் இருப்பேன்.”

“பிள்ளைகளிடம் சொல்லிவிடட்டுமா?”

“தாராளமாகச் சொல்லுங்கள்” என்றார் வைஜயந்தி. பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தையை மாற்றிப் பழக்கமில்லாத மனுஷி அவர்.

முதல் வழியனுப்பு விழா அமர்க்களமாக நடந்தது. ஜெய்சங்கர் பேசினார்: “வைஜயந்தி அம்மையார் போகிறார். ஆனால் போகிறவர் யார்? அவர் வெறும் அம்பு. எய்கிற வில் யார்? நாம்! மலாவிக் குழந்தைகள் கணக்குப் போடும்போது அங்கே ஒலிப்பது யார் குரல்? அம்மையாரின் குரலா? இல்லை, நேசக்கரத்தின் குரல்!” அடுக்கடுக்காகப் பொன்னாடைகள் விழுந்தன. கடைசியில் தலைவர் ஆளுயரத்துக்கு ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். விமான டிக்கெட்டின் மாதிரி. ‘திருச்சி முதல் மலாவி வரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

“நிஜ டிக்கெட் எப்போ சார் கிடைக்கும்?” என்று வைஜயந்தி காதோடு கேட்டார்.

“சிரிங்க மேடம், போட்டோ எடுக்கறாங்க” என்றார் ஜெய்சங்கர்.

அட்டை டிக்கெட் ஆட்டோவுக்குள் நுழையவில்லை. வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேர்ந்தார். வழியில் திருவானைக்காவலில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தி, படித்துப் பார்த்துவிட்டு, சல்யூட் அடித்து அனுப்பினார்.

விசாவுக்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும், அதில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். வைஜயந்தி அதைக் கேட்கப் போனபோதுதான் இரண்டாவது விழா பற்றித் தெரிந்தது. முதல் விழாவுக்குக் கவர்னர் வரவில்லை. கவர்னர் இல்லாத வழியனுப்பு, சங்க விதிப்படி வழியனுப்பே இல்லை.

“அதுக்குள்ள கெளம்பிட்டா எனக்குப் பரவாயில்லை சார்” என்றார் வைஜயந்தி.

“உங்களுக்குப் பரவாயில்லைங்க. வழியனுப்பாம போயிட்டீங்கன்னா நீங்க போனதாவே கணக்கு வராதே” என்றார் அருள்ராஜ், நிஜமான கவலையோடு.

“கவர்னர் டிசம்பர்லதான் ஃப்ரீ. டிக்கெட்டை மாத்திக்கலாம் மேடம், கவர்னர் டேட்டை மாத்த முடியாதுங்க” என்றார் ஜெய்சங்கர்.

கவர்னர் வந்தார். ஆனால் கவர்னரின் மனைவி வரவில்லை, அவர் வராத விழாவில் மகளிர் பிரிவு கலந்துகொள்ள மாட்டேன் என்றது. ஆகவே மகளிர் பிரிவுக்குத் தனி விழா. மகளிருக்கு நடந்தால் இளைஞர் பிரிவு சும்மா இருக்குமா? துறையூர்க் கிளைக்காரர்கள், தங்களுக்கும் அம்மையார்மீது உரிமை உண்டு என்று வேன் அனுப்பி அழைத்துப்போய் வழியனுப்பினார்கள். வழியனுப்பிவிட்டு அதே வேனில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பொன்னாடைகள் வைக்க அலமாரியில் இடமில்லை. லக்ஷ்மிகாந்த் ஒன்றைக் கிரைண்டருக்கும் ஒன்றை வாஷிங் மெஷினுக்கும் போர்த்தினார்.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் காலை. மேல உத்தர வீதியை ஒட்டிய சந்தில் அவர்கள் அபார்ட்மென்ட், இரண்டாம் மாடி. பேப்பரைப் பிரித்த லக்ஷ்மிகாந்த், “ஏ வைஜயந்தி, நீ மலாவிக்குப் போயிட்டியாம்” என்றார்.

ஓடிவந்து பார்த்தார். உள்ளூர்ப் பக்கத்தில் அவர் படம். ‘வைஜயந்தி டீச்சர் மலாவியில் இருக்கிறார்: ஸ்ரீரங்கத்து ஆசிரியையின் கடல் கடந்த சேவை.’ கையில் அடுப்பிலிருந்து எடுத்த பால் பாத்திரத்தோடு நின்று அதை முழுசாகப் படித்தார். அங்கே வெயில் அதிகம் என்றாலும் பிள்ளைகளின் அன்பில் குளிர்ந்துபோயிருப்பதாக அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு ஜெய்சங்கரும் அருள்ராஜும் வந்தார்கள். உள்ளே வந்ததும் அருள்ராஜ் முதல் வேலையாகக் கதவைத் தாழ் போட்டார்.

“தலைமையகத்துக்கு வருஷ முடிவுக்குள்ள ரிப்போர்ட் போகணும் மேடம்” என்றார் ஜெய்சங்கர். “நீங்க போயிட்டீங்கன்னு எழுதிட்டோம். எப்படியும் போகத்தானே போறீங்க? கொஞ்சம் முன்னாடி எழுதிட்டோம், அவ்வளவுதான். ஆனா இனிமே நீங்க வெளியில தலை காட்டக் கூடாதுங்க.”

“ஏன்?”

“நீங்க மலாவில இருக்கீங்க.”

“நான் இங்கேன்னா இருக்கேன்!”

“அது நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியக் கூடாதில்ல? பாருங்க மேடம், நம்ம கிளைக்கு அகில உலக விருது வர்ற நேரம். நீங்க பாட்டுக்கு முருங்கைக்காய் வாங்க வீதியில நின்னீங்கன்னா, யாராவது போட்டோ எடுத்துப் போட்டாங்கன்னா, திட்டத்தையே மூடிடுவாங்க. அப்புறம் யாரும் மலாவிக்குப் போக முடியாது. நீங்களும்தான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கடிதம் ரெடியா இருக்கு. விருது வந்த மறுநாள் கையெழுத்து. அதுவரைக்கும் உள்ளேயே இருங்க. உங்க நல்லதுக்குத்தாங்க சொல்றேன்.”

அவர் கடிதத்தை எடுத்துக்கூடக் காட்டினார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வைஜயந்தி அதைப் பார்த்தார். சிசாலேயிடம் சொன்ன ஜனவரியை நினைத்துக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டார். ஆட்டியிருக்கக் கூடாது. ஆனால் நம்மில் யார்தான் ஒரு கையெழுத்துக்காகத் தலையாட்டாதவர்கள்?

அப்படித்தான் வைஜயந்தி டீச்சர் சொந்த வீட்டில் சிறைப்பட்டார். பால்கனிக்குப் போகக் கூடாது. காலிங் பெல் அடித்தால் படுக்கையறைக்குள் ஓட வேண்டும். குக்கர் விசில் மூன்றுக்கு மேல் போகக் கூடாது, தனியாக இருக்கும் ஆம்பிளை வீட்டில் எதற்கு அத்தனை விசில் என்று யாராவது கேட்பார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு உலகமே ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. கூப்பிடு தூரத்தில் சொர்க்கவாசல் திறந்தது. வைஜயந்தி அதை சத்தத்தைக் குறைத்து வைத்து டி.வி.யில் பார்த்தார். வாசலில் போகிற கூட்டத்தின் ‘ரங்கா ரங்கா’ ஜன்னல் வழியாக வந்தது. அன்றைக்கு அவர் நிஜமாகவே அழுதார்.

அந்த சமயம் லக்ஷ்மிகாந்தின் தங்கை குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினாள். “உள் ரூம்ல கரையான் மருந்து அடிச்சிருக்கு, திறக்கப்படாது” என்று லக்ஷ்மிகாந்த் சொல்லிவிட்டார். உள்ளே கரையானாக இருந்த வைஜயந்தி, வெளியே நாத்தனார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மன்னிக்குத் துணிச்சல் ஜாஸ்தி அண்ணா. இந்த வயசுல அத்தனை தூரம்! ஆனா ஒண்ணு, மன்னி இல்லாம ஆத்துல எவ்வளவு அமைதியா இருக்கு பார்த்தேளா?”

லக்ஷ்மிகாந்த் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அதை வைஜயந்தி குறித்துக்கொண்டார்.

லக்ஷ்மிகாந்துக்கு என்ன குறை? பெண்டாட்டியை ஆப்பிரிக்காவுக்குத் தானம் கொடுத்த தியாகி என்று அக்கம்பக்கத்தில் பெயர். எதிர் ஃபிளாட் ரெங்கநாயகி மாமி தினமும் ஒரு டம்ளர் ரசம், அவர்கள் பாஷையில் சாத்தமுது, கொண்டுவந்து கொடுத்தார். “பாவம், தனியா என்ன பண்றேளோ” என்று மாமி உருகுவார். கதவு மூடியதும் தியாகி அதைப் பாதி குடித்துவிட்டு மீதியைப் படுக்கையறைக்குள் நீட்டுவார். “மிளகு எவ்வளவு போடணும்னு மாமிக்குத் தெரிஞ்சிருக்கு, பாரேன்” என்பார். வெளியே போக முடிந்திருந்தால் வைஜயந்தி அன்றைக்கே பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார்.

பிப்ரவரியில் சிசாலே வீடியோ காலில் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“ஜனவரி முடிந்துவிட்டது, மேடம். பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா?”

 இந்தப் பக்கம் கையெழுத்து விழாத கடிதம், அந்தப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள், நடுவில் தான் என்று நினைத்தபோது வைஜயந்திக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. “பிள்ளைகள் இப்போது பக்கத்தில் இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

“வகுப்பில் சும்மாதான் இருக்கிறார்கள்.”

“உங்கள் போனைப் பிள்ளைகளுக்கு எதிரே ஒரு தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வையுங்கள். புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.”

கட்டிலுக்குப் பின்னாலிருந்து அட்டை டிக்கெட்டை இழுத்தார். பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அலமாரியில் சாய்த்து நிறுத்தி, மார்க்கரை எடுத்து ஒரு செங்கோண முக்கோணம் போட்டார். கை பரபரப்பு அந்த நிமிஷமே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து தினமும் வகுப்பு. தாழ்ந்த குரலில், மூடிய கதவுக்குப் பின்னால், ஜன்னலில் பொன்னாடையைத் திரையாகக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார். திரை இடுக்கில் தெரிகிற கோபுரத்தைக் காட்டி, நாம் நிற்கும் இடத்திலிருந்து அதன் உச்சிக்கு இவ்வளவு கோணம், உயரம் என்ன என்று கேட்பார். மலாவியில் பிள்ளைகள் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை அளந்தார்கள். சிகோண்டி என்று ஒரு பெண், சூட்டிகை என்றால் அப்படிச் சூட்டிகை, விடையைப் பாதி சொல்லும்போதே அடுத்த கணக்கு கேட்பாள்.

ஒருநாள் பாடத்தின் நடுவில் காலிங் பெல் அடித்தது. வைஜயந்தி சட்டென்று விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்தார். கதவு இடுக்கில் ஒரு கை வந்து ஒரு டம்ளரை நீட்டிவிட்டுப் போயிற்று. விளக்கு மறுபடி எரிந்தபோது வகுப்பே அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மேடம், நீங்கள் ஏன் அந்த அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை?” என்று சிகோண்டி கேட்டாள்.

பொய் சொல்ல வரவில்லை. “என்னை வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அம்மா.”

சிசாலே போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், “அரசியல் காரணமா, மேடம்?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“இல்லை” என்றார் வைஜயந்தி. “சமூக சேவை.”

சிசாலேவுக்கு இது புரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜெபம் சொன்னார்கள். தூர தேசத்தில் ஒரே அறையில் அடைபட்டு, கதவிடுக்கு வழியாகச் சாப்பிடும் எங்கள் ஏழை டீச்சருக்குச் சீக்கிரம் விடுதலை கொடும், ஆண்டவரே என்று. வைஜயந்தி தலையைக் குனிந்து ஆமென் சொன்னார். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு தைரியம்.

இதற்கிடையில் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ‘மலாவியிலிருந்து நேரலை’ வேண்டும் என்றார்கள். அருள்ராஜ் ஒரு துணிப் படுதாவைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஏதோ ஸ்கூல் ஆண்டு விழா நாடகத்துக்கு வரைந்தது: ஒரு குடிசை, ஒரு பனைமரம், ஒரு ஒட்டகச்சிவிங்கி. அதைப் பீரோவில் மாட்டி, எதிரே வைஜயந்தியை நிற்கவைத்தார்கள்.

“இங்கே எல்லோரும் சௌக்கியம்” என்று அவர் தொடங்கும்போதே கீழே சந்தில், “பழைய இரும்பு, பித்தளை, ஈயம் வாங்கறதேய்!” என்று ஒரு குரல் போயிற்று.

திரையில் கூட்டம் திகைத்தது. “அங்க தமிழ்க் குரல் கேக்குதே?” என்றார் உடனடி முன்னாள் தலைவர், விஷமமாக.

ஜெய்சங்கர் அசரவில்லை. “கவனித்தீர்களா நேசர்களே! அம்மையார் போன சில மாதங்களில் மலாவியில் தமிழ் வளர்ந்திருக்கிறது!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விருது வந்தது. மறுநாள் கையெழுத்து வரவில்லை. விருதுக்குப் பாராட்டு விழா இருந்தது, அதற்கப்புறம் பாராட்டு விழாவை நடத்தியவர்களுக்கு நன்றி விழா. வைஜயந்தி கேட்பதையே விட்டுவிட்டார். அவருக்கு இப்போது வேறு வேலை இருந்தது. ஜூன் வந்துவிட்டது, கடைசிப் பாடம் முடிந்து பழைய கேள்வித்தாள்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஜெய்சங்கர் மறுபடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல செய்தி மேடம்! நீங்க திரும்பி வந்துட்டீங்க!”

“எங்கேர்ந்து?”

“மலாவிலேர்ந்துங்க. ஜூன் மாசத்தோட என் பதவி முடியுது. நீங்க என் காலத்துல போனவங்க, என் காலத்துலயே வந்துடணும். வரவேற்பு விழா வச்சாச்சு. கவர்னர் வர்றார்.” தேதியையும் நேரத்தையும் சொன்னார்.

வைஜயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை. விழா நடக்கும் அதே மாலையில்தான் கடைசி வகுப்பு. சந்தேகமெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

“வேற நாள் வையுங்கோ சார். அன்னிக்கு எனக்குக் கிளாஸ் இருக்கு. மறுநாள் அதுகளுக்குப் பரீட்சை.”

“யாருக்கு?”

“மலாவிப் பிள்ளைகளுக்கு.”

ஜெய்சங்கர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அடைந்து கிடந்ததில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவருக்குக் கவலை. “வேணும்னா பரீட்சையை மாத்திக்கச் சொல்லுங்க மேடம். கவர்னர் டேட்டை மாத்த முடியாதுங்க.”

விழாவன்று காரை வீட்டு வாசலுக்கே அனுப்பினார்கள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. இந்தத் தடவையும் ஆளுயர அட்டை, ‘மலாவி முதல் திருச்சி வரை’ என்று. ஜெய்சங்கர் பேசினார், வருங்காலத் தலைவர் பேசினார், வெறும் முன்னாள் தலைவர்கூடப் பேசினார். ஆப்பிரிக்க வெயிலில் அம்மையார் கறுத்துவிட்டதாக ஒருவர் வருந்தினார். ஆறு மாசம் வெயிலே படாததில் அவர் வெளுத்திருந்தார். வைஜயந்தியின் கண் மண்டபத்துக் கடிகாரத்திலேயே இருந்தது. 

“அடுத்து அம்மையாரின் ஏற்புரை. அதைத் தொடர்ந்து கவர்னர் உரை, நாட்டுப்பண், அப்புறம் டின்னர்” என்றார் அருள்ராஜ்.

வைஜயந்தி மைக் முன்னால் வந்தார். மனசில் இருந்ததை அப்படியே சொன்னார்.

“நான் மலாவிக்குப் போகவே இல்லை. ஒரு நாள்கூடப் போகலை. இத்தனை மாசமும் எங்காத்துப் படுக்கையறையில் பூட்டிண்டு இருந்தேன். இவாதான் இருக்கச் சொன்னா.”

 ஜெய்சங்கரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மறுகணம் கவர்னர் சேதுராமன் மெல்லத் தலையை ஆட்டி, “ஆஹா” என்றார். “செய்த சேவையைச் செய்யவில்லை என்று சொல்லும் அடக்கம்! இதுவல்லவோ நேசம்!” கைதட்டல் கூரையைப் பிளந்தது. பத்திரிகைக்காரர் ‘தன்னடக்கம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஜெய்சங்கருக்கு உயிர் வந்தது, அவரும் எழுந்திருக்காமலே கைதட்டினார்.

வைஜயந்தி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிஜத்தைச் சொன்னாலும் வெளியே வர முடியாத சிறை இது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.  அந்த நேரம் பார்த்து கைப்பையில் போன் அடித்தது.

எடுத்தார். “மேடம், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்” என்றார் சிசாலே. “சந்தேகங்கள் நிறைய இருக்கின்றன.”

வைஜயந்தி கூட்டத்தைப் பார்த்தார். ஏற்புரை முடியாமல் கவர்னர் பேச முடியாது. கவர்னர் பேசாமல் நாட்டுப்பண் இல்லை, நாட்டுப்பண் இல்லாமல் சாப்பாடு இல்லை. கவர்னர் உட்கார்ந்திருக்கும்வரை இந்த மண்டபத்தில் ஒருத்தரும் அசைய முடியாது. ஏற்புரையோ தன் கையில் இருக்கிறது.

போனை மைக்குக்குப் பக்கத்தில் பூங்கொத்தின்மேல் சாய்த்து வைத்தார். அட்டையைத் திருப்பி நிறுத்தினார். அருள்ராஜின் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை உருவினார். “சொல்லு சிகோண்டி, எந்தக் கணக்கு?”

மலை உச்சியை இரண்டு இடத்திலிருந்து பார்க்கிற கணக்கு. அவளுக்கு இரண்டாவது கோணத்தில் குழப்பம். வைஜயந்தி படம் போட்டார், கோடு போட்டு அடித்தார், மறுபடி போட்டார். இத்தனை மாதம் தாழ்த்தி வைத்திருந்த குரல் கணீரென்று வெளியே வந்தது. ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து இன்னொன்று. அதட்டினார், சபாஷ் என்றார், கூட்டல் தப்பைப் பிடித்தார். ஏதோ புதுவிதமான ஏற்புரை என்று முதலில் ரசித்த நேசர்கள் பிறகு நெளிந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் நழுவப் பார்த்தார், கவர்னர் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். சாம்பார் வாசனை வந்து, ஆறிப்போய், நின்றுவிட்டது. ஜெய்சங்கர் கையைக் கூப்பி ஜாடை காட்டினார். “அங்கே என்ன பேச்சு?” என்று வைஜயந்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது. எல்லோருக்கும் ஆசீர்வாதம் சொல்ல வைஜயந்தி போனைக் கையில் எடுத்தார். எடுத்த வேகத்தில் காமிரா மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. விளக்குகள், தோரணம், ஜனக்கூட்டம், நடுவில் டீச்சர்.

சிகோண்டி எழுந்து நின்றாள். “மேடம்! நீங்கள் அந்த அறையில் இல்லை! உங்களை வெளியே விட்டுவிட்டார்களா?”

 வைஜயந்தி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான். பெஞ்சுமேல் ஏறிக் குதித்தார்கள். கூச்சலிட்டார்கள், பாடினார்கள், சிசாலே கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். மைக் அத்தனையையும் வாங்கி மண்டபம் முழுக்கக் கொட்டியது. வைஜயந்தி வாய்விட்டு அழுதார். இத்தனை பேர் இத்தனை தூரத்தில் தனக்காக இப்படிச் சந்தோஷப்பட முடியுமா என்று அவருக்கு ஆச்சரியம் அடங்கவே இல்லை.

“மலாவி மக்கள் நம் சங்கத்தை வாழ்த்துகிறார்கள்!” என்று ஜெய்சங்கர் கத்தினார். கவர்னர் தழுதழுத்துப்போய் எழுந்து நின்று போனைப் பார்த்துக் கும்பிட்டார். கவர்னர் எழுந்ததால் மண்டபமே எழுந்தது. எழுந்தவர்கள் அப்படியே சாப்பாட்டு ஹாலைப் பார்த்து ஓடினார்கள். அந்த நெரிசலில் வைஜயந்தி படியிறங்கி வெளியே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மத்தியப் பேருந்து நிலையத்துக்கு அவர் வந்தபோது ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. முகத்தை மறைத்துக்கொள்ளாமல் காற்றில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில், மடியில் காய்கறிப் பையோடு ஒரு பெண் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க பேப்பர்ல வந்த மலாவி டீச்சர்தானேங்க?”

“ஆமாம்மா.”

“அங்க பிள்ளைங்கள்லாம் எப்படிங்க படிக்குது?”

வைஜயந்தி அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். இத்தனை விழாவில், இத்தனை மேடையில், இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

“நன்னா படிக்கறதுகள்” என்றார். “அதுல சிகோண்டின்னு ஒரு பொண்ணு. நாளைக்குக் காலம்பற அவளுக்குப் பரீட்சை.” காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் வரும்வரை சிகோண்டியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.